கல்முனை பார்மசி: கேட்டுவிட்டுத்தான் தருகிறார்கள்

கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்டவிருக்கும் இந்தச் சின்ன பார்மசிக்குக் கர்ப்பிணிகள் நம்பிப் போகலாம். கேட்டவுடன் எடுத்து நீட்டுகிற கடை இல்லை. என் தங்கச்சி லேபல் இல்லாத வெள்ளையாக்கும் கிரீம் ஒன்றைக் காட்டி, "இது இருக்கா அண்ணா?" என்றதும், "வயிற்றில் பிள்ளை இருக்கா தங்கச்சி?" என்றுதான் பார்மசிக்காரர் முதலில் கேட்டார். இப்படியான கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கலாம், அது தோல் வழியாக இரத்தத்தில் சேர்ந்து, நஞ்சுக்கொடியையும் தாண்டிப் போய்க் குழந்தையின் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஜப்பானின் மினமாட்டாவில் 1950களில் பாதரசம் ஏறிய மீனைச் சாப்பிட்ட தாய்மார் பலருக்கு வெளியே பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, பிறந்த பிள்ளைகள்தான் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள், எவ்வளவு பெரிய கொடுமை!

போலிக் அமிலம் என்ற விற்றமினைப் பிள்ளைக்கு யோசிக்கும்போதே தொடங்கச் சொல்கிறார். மூளையும் முண்ணாணும் உருவாகிற நரம்புக் குழாய் சரியாக மூட அது உதவும், அந்தக் குழாய் கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடும், அப்போது பலருக்குக் கர்ப்பம் என்றே தெரியாது. வயலுக்கு மருந்தடித்த வீட்டுக்காரரின் உடுப்பைக் கர்ப்பிணிகள் கழுவக்கூடாது என்றும் சொன்னார், அதை யார் இங்கே சொல்லித் தருகிறார்கள்?

விலை மற்றக் கடைகள் மாதிரித்தான். பின்னேரம் சனம் கூடும், காலையில் போனால் ஆறுதலாகக் கதைக்கலாம்.