புளுபெர்ரியில் குரோமோசோம் இரட்டிப்பு: மருந்தா, மகரந்தமா?

வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டைப் பக்கம் தாவரவியல் படிக்கும் பிள்ளைகளிடம் குரோமோசோமை எப்படி இரட்டிப்பாக்குவது என்று கேட்டால், யோசிக்காமல் ‘கோல்சிசின்’ என்ற மருந்தைச் சொல்வார்கள். வெங்காய வேர் நுனியை அதில் ஊறவைத்து, நுனி குமிழ் போல் தடிப்பதை ப்ராக்டிகலில் பார்த்தவர்கள். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள சரக்கு என்பதால் ஒரு பாசமும் உண்டு. ஆனால் பெர்ரிப் பயிர் என்று வந்தால் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

தோட்டத்துப் புளுபெர்ரி பெரும்பாலும் நான்மடியம், அதாவது நான்கு தொகுதியாக 48 குரோமோசோம். காட்டுச் சொந்தங்கள் பலவும் இருமடியம், இரண்டு தொகுதியாக 24. நேராகக் கலந்தால் வரும் மூன்று தொகுதி மும்மடியக் கரு பெரும்பாலும் விதையிலேயே செத்துவிடும். அதனால்தான் காட்டுச்செடியின் பங்கை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கிறது.

அதற்கான மருந்துகள் கோல்சிசின், ஒரைசலின். இரண்டின் வேலையும் ஒன்றுதான். டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்வதால், செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்கோல் உருவாகாது. பிரிந்த குரோமோசோம்கள் ஒரே செல்லுக்குள் தங்கிவிடும். கோல்சிசினுக்கு விலங்கு டியூபுலின்மேல்தான் பிடிப்பு அதிகம். அதனால்தான் தாவரத்துக்கு நிறைய ஊற்ற வேண்டியிருக்கிறது, கையாளும் ஆளுக்கும் ஆபத்து. ஒரைசலின் களைக்கொல்லி, மைக்ரோமோலார் அளவே போதும். தண்ணீரில் லேசில் கரையாது, அவ்வளவுதான் தொல்லை.

இரண்டுக்கும் பொதுவான வம்பு, சில செல்கள் மட்டும் இரட்டித்த கலப்படச் செடி. தளிர் நுனியில் மூன்று அடுக்குகள். மகரந்தமும் சூல்முட்டையும் வருவது இரண்டாவது அடுக்கிலிருந்து. வெளி அடுக்கு மட்டும் இரட்டித்திருந்தால் இலைத்துளை பெரிதாகத் தெரியும், பிள்ளைச் செடியோ பழையபடியே இருக்கும். இலைத்துளையை அளந்துவிட்டுத் துள்ளிக் குதிப்பதில் பயனில்லை.

இனி என் கட்சி: குறையாத மகரந்தம், அதாவது குரோமோசோம் பாதியாகக் குறையாமல் முழுசாக இருக்கும் மகரந்தம். புளுபெர்ரி மகரந்தம் நான்கு நான்காக ஒட்டியே உதிரும். குரோமோசோமைப் பாதியாக்கும் குன்றல் பிரிவு வழுக்கினால், நான்குக்குப் பதில் இரண்டு பெரிய மணிகள் ஒட்டி நிற்கும். அசிட்டோகார்மைன் சாயம் ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பளிச்சென்று தெரியும். புளோரிடாவில் குளிர் அதிகம் கேட்காத இருமடியக் காட்டுச்செடி டாரோவியையை நான்மடியத் தோட்டச்செடியோடு சேர்த்தது இந்த வழியில்தான். 1976இல் ‘ஷார்ப்புளூ’ ரகம் வந்தது. மும்மடியம் தானே செத்துவிடுவதால் சலித்தெடுக்கும் வேலை பாதி மிச்சம். அதோடு, மருந்து இருக்கிற மரபணுவையே நகலெடுக்கும். இங்கே பெற்றோரின் கலப்புத்தன்மையில் (ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள் சேர்ந்திருப்பதில்) பெரும்பகுதி அப்படியே இறங்கலாம்.

(பெரம்பூர் மொட்டைமாடிக்காரர்கள் அவசரப்பட வேண்டாம். குளிர்த் தேவை குறைந்தாலும் மண் பிஎச் 4.5 முதல் 5.5க்குள் இருக்க வேண்டும். நம் உப்புப் போர் தண்ணீரை ஊற்றினால் இலை மஞ்சளாகிவிடும்.)

எல்லாச் செடியும் இப்படி மகரந்தம் தராது, தந்தாலும் விதை கொஞ்சம்தான். அங்கே ஒரைசலினை எடுக்கலாம். மருந்துக்கே உரிய இடமும் ஒன்று உண்டு, மலட்டுக் கலப்பினம். 14 குரோமோசோம் காட்டு ஸ்ட்ராபெர்ரியை 56 உள்ள தோட்ட ஸ்ட்ராபெர்ரியோடு சேர்த்தால் 35 வரும். ஒற்றைப்படை, காய்ப்பு சரிவராது. அதை 70 ஆக்கி, வெஸ்கானா என்ற பத்துமடியக் கலப்பின ஸ்ட்ராபெர்ரியைத் தந்தது, நான் கடைசியில் வைத்த அதே கோல்சிசின்.