ஸ்பெஷல் ஸ்கூலா, பக்கத்து கார்ப்பரேஷன் ஸ்கூலா? எங்க பையனுக்கு ரெண்டையும் பார்த்தாச்சு

என் பையனுக்கு ஒன்பது வயசு, அறிவுசார் குறைபாடு, மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட்ல 60 பர்சென்ட் போட்டிருக்காங்க. ரெண்டு வருஷம் ஒரு பிரைவேட் ஸ்பெஷல் ஸ்கூல்ல இருந்தான். போன ஜூன்ல இருந்து தண்டையார்பேட்டையில எங்க தெருவுக்கு அடுத்தாப்புல இருக்குற கார்ப்பரேஷன் ஸ்கூல்ல மூணாவது படிக்கிறான். தெரபிக்கு போற இடத்துல "எதுல சேர்க்கலாம் க்கா"ன்னு நிறைய அம்மாங்க கேக்குறாங்க, அதான் எழுதுறேன். இப்பவே சொல்லிடுறேன், நான் பக்கத்து ஸ்கூல் பக்கம்தான்.

ஃபீஸ், தூரம் எல்லாம் உங்களுக்கே தெரியும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல ஒரு தடவை வேன் மாட்டினா போதும், புள்ள ஸ்கூல் போய் சேரும்போதே களைச்சுடுவான். கிளாஸ்ல கூட்டம் கம்மி, தினமும் தெரபி, டாய்லெட் பழக்குறது, இதுலயெல்லாம் ஸ்பெஷல் ஸ்கூல்தான் பெஸ்ட், அதுல சந்தேகமே இல்ல.

நான் பார்க்கச் சொல்றது ஒண்ணே ஒண்ணு, ஐஇபி. தனிநபர் கல்வித் திட்டம்னு ஃபைல்ல எழுதியிருக்கும். புள்ளைக்கு இப்போ எது வருது, அடுத்த சில மாசத்துல எது வரணும், அதை யாரு எப்படி சொல்லிக் குடுப்பாங்க, அவ்ளோதான் அது. புள்ளைக்கு எது வருது, எது வரலன்னு பார்க்க நம்ம மெட்ராஸ்லயே உருவான எம்டிபிஎஸ்னு ஒரு செக்லிஸ்ட் இருக்கு, 18 பிரிவு, ஒவ்வொண்ணுலயும் 20 செயல், மொத்தம் 360. தானா செஞ்சா ஏ, செய்யலேன்னா பி. நிறைய பி பார்த்து நான் அழுதிருக்கேன், ஆனா அது மார்க் ஷீட் இல்லங்க, ஏ எங்க முடியுதோ அங்க இருந்துதான் நம்ம புள்ளையோட பாடம் ஆரம்பிக்குது.

பிளான் எல்லா இடத்துலயும் எழுதுவாங்க. அதை திரும்ப எடுத்து பார்த்து மாத்துறாங்களா, அதான் கேள்வி. பழைய ஸ்கூல்ல மொத வருஷ பேப்பரும் ரெண்டாவது வருஷ பேப்பரும் பக்கத்துல வெச்சு பார்த்தேன், தேதி மட்டும்தான் வேற. ரெண்டுலயும் "பணத்தை அடையாளம் காணுதல்"னு ஒரே வரி, என்ன பணம், எங்க, எப்போக்குள்ள, ஒண்ணும் இல்ல. கேட்டா இப்படித்தான் மா எழுதுவோம்னு சொல்லிட்டாங்க.

இங்க வாரத்துல ரெண்டு நாள் ஸ்பெஷல் டீச்சர் வராங்க. அவங்க என்னை உக்கார வெச்சு, வீட்டுல எது கஷ்டமா இருக்குன்னு கேட்டு எழுதின கோல் இது: 'அம்மா காசு குடுத்தா தெருமுனை கடையில போய் ஒரு பால் பாக்கெட் கேட்டு வாங்கி மீதி சில்லறையோட வரணும், அஞ்சு தடவையில நாலு தடவை, தீபாவளிக்குள்ள.' சொல்லிக் குடுத்ததும் பின்னாடியில இருந்து, அதாவது கடைசி வேலையை மொதல்ல. மொத ரெண்டு வாரம் கேக்குறது, காசு குடுக்குறது எல்லாம் நானே, பாக்கெட்டை கையில வாங்குறது மட்டும் அவன். அப்புறம் காசு குடுக்குறதும் அவன். கடைசியாதான் வாயைத் திறந்து கேக்குறது. "முடிச்ச சந்தோஷம் தினமும் அவனுக்கு கிடைக்கணும் மா"ன்னாங்க டீச்சர். கடைக்கார அண்ணன் கிட்டயும், அவன் கேக்குற வரைக்கும் பாக்கெட்டை எடுத்து வெக்காதீங்கன்னு சொல்லி வெச்சோம். பாவம் அவரு, காலையில அவ்ளோ கூட்டத்துலயும் காத்துக்கிட்டு நிப்பாரு. வேன்ல போற ஸ்கூலா இருந்தா இந்த கடையை எப்படிங்க பாடத்துல சேர்க்க முடியும்?

தீபாவளிக்கு வரல. அஞ்சுக்கு ரெண்டு தடவைதான், சில்லறையை கடையிலயே விட்டுட்டு ஓடி வந்துடுவான். ரிவ்யூல டீச்சர் சில்லறை பார்ட்டை எடுத்துட்டு, கேட்டு வாங்குறதை மட்டும் வெச்சு மாத்தி எழுதினாங்க. பொங்கல் கழிச்சு ஒரு நாள் காலையில "ண்ணா, பாலு"ன்னு அவன் சொன்னது எதிர் பக்கத்துல நின்ன எனக்கு கேட்டுச்சு.

கிளாஸ்லயும் பயந்த அளவுக்கு இல்ல. 'எண்ணும் எழுத்தும்'னு கவர்மென்ட் திட்டம் வந்ததுல இருந்து சின்ன கிளாஸ் பசங்களை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சுதானே நடத்துறாங்க, அதனால இவன் அரும்புல இருக்குறது யாருக்கும் விநோதமா தெரியல. குறையும் இருக்கு. ஸ்பெஷல் டீச்சருக்கு பல ஸ்கூல், அவங்க வராத நாள்ல கிளாஸ் டீச்சர் ஒருத்தரே அத்தனை பசங்களையும் பார்த்துக்கிட்டு இவனையும் பார்க்கணும், சில நாள் சும்மா உக்காந்துட்டு வருவான். பிஆர்சியில, அதாவது வட்டார வள மையத்துல குடுக்குற தெரபியும் தினமும் கிடையாது.

காது கேக்காத பசங்க, சத்தமே தாங்காத ஆட்டிசம் பசங்க, இவங்களுக்கு எதுன்னு என் அனுபவத்தை வெச்சு சொல்ல மாட்டேன். எங்க தெரபியில ஒரு பொண்ணு ஸ்பெஷல் ஸ்கூல் போனதுக்கு அப்புறம்தான் சைகையில பேசவே ஆரம்பிச்சா. பத்தாவது பரீட்சையில எக்ஸ்ட்ரா ஒரு மணி நேரம், எழுத ஆள் எல்லாம் இருக்கு, ஆனா நாங்க இன்னும் அங்க வரல.

ஸ்கூல்ல சேர்க்க மாட்டேன்னா திரும்பி வந்துடாதீங்க. 2016 மாற்றுத்திறனாளி சட்டப்படி 40 பர்சென்ட்டும் அதுக்கு மேலயும் குறைபாடு இருக்குற பசங்களுக்கு 6 வயசுல இருந்து 18 வரைக்கும் இலவசக் கல்வி, பக்கத்து ஸ்கூலா ஸ்பெஷல் ஸ்கூலான்றது நம்ம விருப்பம். எதுல சேர்த்தாலும் ஐஇபி காப்பி கேட்டு வாங்குங்க, அடுத்த ரிவ்யூ எந்த மாசம்னு அதுலயே எழுதச் சொல்லுங்க. எங்க காப்பி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு, சில்லறையை மறுபடி கோல்ல சேர்க்கணும்னு அதுலயே பென்சில்ல குறிச்சு வெச்சிருக்கேன்.