மாதமொரு சமையல் சவாலும் தீராத சுண்டுக் கணக்கும்

மட்டக்களப்பில் இருக்கும் தோழி ஒருத்தி, தன் சமையல் குறிப்புகளை வாசிப்பவர்கள் கூடவேயில்லை என்றும், நான் நடத்துவது போல மாதந்தோறும் வாசகர்களுக்கு ஒரு சவால் வைத்தால் கூடுவார்களா என்றும் சென்ற கிழமை கேட்டாள். "கூடுவாங்க, ஆனா தொடங்காத" என்று சொல்லிவிட்டேன். அது நியாயமான பதிலன்று என்று பிறகு தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நடைமுறை அவளுக்குத் தெரியும்: முதலாம் திகதி ஒரு பதார்த்தத்தை அறிவிப்பது, 25ஆம் திகதிக்குள் சமைத்தவர்கள் படத்தோடு நான்கு வரி எழுதி அனுப்புவது, மாத முடிவில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியிடுவது. இது என் கண்டுபிடிப்பும் அன்று. 2006இல் இரண்டு பெண்கள் ஒரே குறிப்பைத் தத்தம் வீட்டில் செய்து பார்த்ததில் தொடங்கிய டேரிங் பேக்கர்ஸ் என்ற இணையச் சமையல் குழு, ஒரே குறிப்பு, ஒரே வெளியீட்டு நாள் என்ற இந்த ஒழுங்கைக் கொண்டுதான் வளர்ந்தது.

நான் 2022 தைப்பொங்கலோடு திருகோணமலை உப்புவெளியிலுள்ள என் வீட்டுக் குசினியில் இதைத் தொடங்கினேன். இரண்டு மாதம் கழித்து எரிவாயு கிடைக்கவில்லை. பங்குனிக் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டும் வந்தது. நிறுத்திவிடலாமென்று நினைத்தவள், மனதை மாற்றிக்கொண்டு, எரிவாயு அடுப்பும் மிக்சியும் தொடாமல் ஒரு கறி என்று அறிவித்தேன். விறகடுப்பில் வைத்த சூடைமீன் சொதியும் அம்மியில் அரைத்த சம்பலுமாக வந்த குறிப்புகளைப் போல அதற்குப் பிறகு எந்த மாதமும் வரவில்லை. அன்று வந்து சேர்ந்தவர்கள்தான் இன்றும் நிற்கிறார்கள். தேங்காய் துருவி பரிசு என்று ஆறு மாதம் வைத்துப் பார்த்தபோது வந்தவர்கள், பரிசு நின்றதும் போய்விட்டார்கள். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

எழுத வேண்டியது அரிசியும் மாவும் அளக்கும் சுண்டைப் பற்றித்தான். எங்கள் வீட்டில் சுண்டு என்றால் பால்ரின், அதாவது கட்டிப்பால் முடிந்த வெறும் பேணி. இந்த ஆண்டுகளில் சுண்டில் அளவு கொடுத்த ஒரு மாதமாவது, "அக்கா, உங்கட சுண்டு எந்தச் சுண்டு?" என்ற கேள்வி வராமல் கழிந்ததில்லை. ஒருவர் சோறு சமைக்கும் மின்பானையோடு வந்த 180 மில்லிலீற்றர் கிண்ணத்தையே சுண்டு என்று நம்பியிருந்தார். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் 250 மில்லிலீற்றர் கப்பில் அளந்துவிட்டு, பிட்டு மா களியாகிப்போனதற்கு என்னைக் கோபித்துக்கொண்டார். மேசைக்கரண்டியும் தப்பவில்லை, மற்ற நாடுகளில் பெரும்பாலும் 15 மில்லிலீற்றராக இருக்கும் அது அவுஸ்திரேலியாவில் 20 ஆகிவிடுகிறது. அளவுப் பாத்திரத்தைச் சரிசெய்தாலும் மா சும்மா இருக்காது: தளர்வாக அள்ளியதற்கும் அமுக்கி அள்ளியதற்கும் நிறை வேறு, வறுத்த மா குடிக்கும் தண்ணீரும் பச்சை மா குடிக்கும் தண்ணீரும் வேறு. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும் என்று நான் எழுதும் வரியை மட்டும் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பொறுமை இழந்து, ஒரு மின்தராசு வாங்கி, 2023இன் நடுவிலிருந்து எல்லாவற்றையும் கிராமில் கொடுத்தேன். தராசைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்றுவரை ஒழுங்காக வேலை செய்கிறது. கேள்விகள் நின்றன. அவற்றோடு குறிப்புகளும் குறைந்தன. மூன்றாவது மாதம் வந்தவை பாதிக்கும் குறைவு. கிண்ணியாவில் இருந்து ஒரு மாதமும் தவறாமல் எழுதும் மூத்த பெண்மணி ஒருவர், நோன்பு காலத்தில் வட்டிலப்பத்தின் கித்துள் கருப்பட்டியைக் கண்ணாலேயே அளப்பவர், குரல் பதிவில் கேட்டார்: "மகள், தராசு வாங்கித்தான் பிட்டு அவிக்கணுமா?"

நான் எரிச்சலோடு விலக்கிய அந்தச் சுண்டுக் கேள்விதான் இவ்வளவு காலமும் ஆட்களைப் பேச வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவர்கள், சமையலைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கூச்சப்படுவார்கள். சுண்டைப் பற்றி யாருக்கும் கூச்சம் இல்லை. என் அம்மாவின் சுண்டு, மாமியின் பேணி என்று தொடங்கி, ரொறன்ரோக்காரர் கேட்டதற்குக் கிண்ணியாவில் இருந்து பதில் வரும். அந்தப் பதிலைப் பார்க்கத் தங்கைமாரையும் மச்சாள்மாரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். தராசை அடுக்கில் வைத்துவிட்டுச் சுண்டுக்குத் திரும்பினேன், ஆட்களும் திரும்பினார்கள்.

ஆகவே, வாசகரைக் கூட்டும் வழி என்று பார்த்தால் இதற்கு ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுப்பேன். ஆனாலும் தோழியிடம் சொன்னதை மாற்றவில்லை. 25ஆம் திகதி இரவு பதினொன்றரைக்கு, "நாளைக்குத் தந்தா சேர்ப்பீங்களா?" என்று வரும் செய்திகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் இந்த வேலை நல்லதா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

இந்த மாதச் சவால் ஆடிக்கூழ். வறுத்த பயறு அரைச் சுண்டு என்று எழுதியிருந்தேன். இன்று காலை மட்டும் மூன்று பேர் அதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். தொடங்கினால் படப்போகும் பாட்டைப் பார்க்கட்டும் என்று அந்தச் செய்திகளைத் தோழிக்கு அப்படியே அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது: "அதுசரி, அரைச் சுண்டு குவிச்சா, வழிச்சா?"