டீச்சருக்கு ஆண்டிறுதிப் பரிசு: செடியா, டப்பாவா, துணிப்பையா?

என் மகன் மூன்றாம் வகுப்பையும் மகள் யு.கே.ஜி.யையும் முடித்த சென்ற ஏப்ரலில், அவர்களுக்குக் கற்பித்தவர்களுக்கும் மகளின் வகுப்பு ஆயாவுக்குமாக ஏழு துணிப்பைகளைத் தைத்துக் கொடுத்தோம். அதற்கு முந்தைய ஆண்டு தொட்டிச் செடிகளையும், அதற்கும் முன்பு எவர்சில்வர் டப்பாக்களையும் கொடுத்திருந்தோம். ஆளுக்கு 150 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது மூன்று ஆண்டுகளிலும் நாங்கள் வைத்துக்கொண்ட வரம்பு. வட சென்னைத் தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிற எங்களால் அதற்கு மேல் இயலாது. இந்தப் பகுதியில் பெரும்பாலான குடும்பங்களின் நிலையும் அதுதான். மூன்றையும் கொடுத்துப் பார்த்தவள் என்ற முறையில், துணிப்பையே சிறந்தது என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

விரைவாகத் தள்ளிவிடக் கூடியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இனிப்புப் பெட்டி வாங்க எளிது. ஆனால் ஏப்ரல் வெயிலில் பள்ளி முடியும்வரை மேசைமேல் இருந்த பால் இனிப்பை யாரும் நம்பி வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை, சர்க்கரை நோய் உள்ள ஆசிரியர்களும் பலர். டைரி ஜனவரியில் தொடங்குவதால், ஏப்ரலில் கொடுக்கும்போது மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே வீணாகியிருக்கும். குழந்தையின் படம் அச்சிட்ட பீங்கான் கோப்பையும் புகைப்படச் சட்டமும் பெற்றோருக்கு அழகாகத் தெரியும். முப்பத்தைந்து பிள்ளைகளின் முகங்களை ஓர் ஆசிரியர் தம் வீட்டில் எங்கே அடுக்கி வைப்பார் என்று எண்ணிப் பார்த்தால் அந்த ஆசை போய்விடும்.

பேனா விஷயம் அப்படித் தள்ளத்தக்கதன்று. பெட்டிக்குள் வைத்த விலையுயர்ந்த ஒற்றைப் பேனாவைவிட, பத்து ரூபாய்ச் சிவப்புப் பேனாக்கள் பதினைந்தைக் கட்டிக் கொடுப்பது மிகவும் பயனுள்ளது. பல பள்ளிகளில் ஆசிரியர்கள் திருத்தும் பேனாவைத் தம் கைக்காசில்தான் வாங்குகிறார்கள். பாரிமுனையில் ஆண்டர்சன் தெருப் பக்கம் போனால் மொத்த விலைக்கே கிடைக்கும். தைக்கவோ அலையவோ நேரமில்லாதவர்களுக்கு என் இரண்டாவது பரிந்துரை இதுதான். மையூற்றும் பேனாவை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. விடுமுறையில் மை காய்ந்தால் கழுவி எடுக்க வேண்டும் என்பதாலேயே அதைத் தவிர்த்தேன். எழுத்தில் ஆர்வமுள்ள ஆசிரியருக்கு அது பிடிக்கவும் கூடும்.

பெற்றோர் சேர்ந்து ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு, எம்.சி. ரோட்டில் ஒரு புடவை எடுத்துக் கொடுப்பதும் எங்கள் பக்கத்தில் வழக்கம். முப்பது பேர் போட்டால் 1,500 ரூபாய் சேர்ந்துவிடும். நல்ல புடவையே வாங்கலாம். இதில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. அந்த ஐம்பது ரூபாயையும் அந்த வாரத்தில் புரட்ட முடியாத தாய் ஒருத்தி ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பாள். பெயர்ப் பட்டியல் கைமாறும்போது அவள் தலைகுனிவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, புடவையை வாங்கிக்கொண்ட ஆசிரியை ஃபால்ஸ் அடிக்க வேண்டும், ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வேண்டும், பருத்தியாக இருந்தால் கஞ்சி போட்டு இஸ்திரி செய்ய வேண்டும். இன்று ஜாக்கெட் தைக்கும் கூலி எவ்வளவு என்பது பெண்களுக்குத் தெரியும். அன்பாகக் கொடுத்த பொருள் அவரிடமே ஒரு செலவை வைத்துவிடுகிறது.

கொடுத்த பிறகு அந்தப் பொருள் வாங்கியவரிடம் என்ன வேலையைக் கேட்கிறது, எவ்வளவு இடத்தைக் கேட்கிறது என்பதே இந்த ஒப்பீட்டில் என் முடிவைத் தீர்மானித்தது. விலை, தோற்றம், வாங்கும் வசதி ஆகிய மூன்றும் எனக்கு அதற்குப் பிறகுதான்.

இடம் என்ற வகையில் தோற்றது எவர்சில்வர் டப்பா. அது கெடாது, துருப்பிடிக்காது, தேய்த்தால் புதிதாகிவிடும். பராமரிப்பில் அதை மிஞ்சும் பொருள் வேறில்லை. 130 ரூபாய்க்கு மூடி இறுக்கமான நல்ல டப்பா கிடைத்தது. பாத்திரக் கடையிலேயே மகனின் பெயரையும் ஆண்டையும் வெட்டி வாங்கினேன். ஆனால் பெயர் வெட்டிய டப்பாவை ஆசிரியை வேறொருவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது, பழைய பாத்திரத்துக்குப் போடவும் மனம் வராது. பதினெட்டு ஆண்டு பணியில் இருக்கும் ஓர் ஆசிரியை, தம் வீட்டுப் பரணில் ஒரு சாக்கு நிறைய டப்பாக்கள் இருப்பதாகவும், வீடு மாறும்போதெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு போவதாகவும் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. டப்பாதான் கொடுப்பீர்கள் என்றால் பெயர் வெட்டாமல் கொடுங்கள்.

செடியைத் தேர்ந்தெடுத்தபோது, மண்ணும் உயிரும் சேர்ந்த பரிசு என்று மகிழ்ந்துதான் கொடுத்தேன். மணி பிளாண்டும் துளசியும் தொட்டியோடு சேர்த்து 120 ரூபாய்க்குள் அடங்கின. பிள்ளைகளும் ஆசையாகத் தூக்கிப் போனார்கள். நான் கணக்கில் எடுக்காமல் விட்டது காலத்தை. ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது. மே 4ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை நீடிக்கிறது. பள்ளி திறப்பது ஜூனில். ஆசிரியர் சொந்த ஊருக்குப் போகும் காலமும் வெயில் உச்சத்தில் இருக்கும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. இந்தப் பகுதிக்கே உரிய இடைஞ்சல்களும் சேர்ந்துகொள்கின்றன. கடலோரத்தில் போர் தண்ணீர் பல வீடுகளில் உப்பாக இருக்கிறது. தொடர்ந்து அதையே ஊற்றினால் தொட்டி மண்ணில் உப்புப் படிந்து இலை நுனி கருகும். மெட்ரோ வாட்டர் எனும் குடிநீர் வாரியத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துப் புழங்கும் வீட்டில், செடிக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஒதுக்குவதும் ஒரு கணக்குத்தான். மகனின் இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஜூன் மாதம் என்னைப் பள்ளி வாசலில் பார்த்து, “ஊர்லேர்ந்து வந்து பாக்கறேன், காஞ்சு போயிருக்கும்மா. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். நன்றி சொல்லக் கொடுத்த பொருளுக்காக அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்றே என்பது இன்று வரை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மாடித் தோட்டம் வைத்திருப்பவர், கோடையில் வெளியூர் போகாதவர் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செடி கொடுக்கலாம். எங்கள் ஐந்து செடிகளில் இரண்டு நன்றாக வளர்ந்திருப்பதாக அறிகிறேன். இரண்டுமே வீட்டில் மாமியாரோ தாயாரோ இருந்து தண்ணீர் ஊற்றியவை.

பைக்கான எண்ணம் அந்த ஜூன் மாதத்திலேயே தோன்றியது. மாலையில் பள்ளி விட்டதும் ஆசிரியர்கள் எதைச் சுமந்துகொண்டு போகிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினேன். 80 பக்கச் சிறிய நோட்டு ஒன்று நூறு கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நாற்பது பிள்ளைகளின் நோட்டுகள் மூன்றரை கிலோவுக்குக் குறையாது. அதைத் துணிக்கடைக் கட்டைப்பையில் போட்டு, கைப்பிடி விரலை அறுக்க, தேரடி மெட்ரோ நிலையத்தின் படிகளில் ஏறிப் போகிற ஆசிரியைகளைப் பார்த்திருக்கிறேன். 2019 ஜனவரி முதல் ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பைகளுக்குத் தடை வந்து, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கிய பிறகு துணிப்பை எங்கும் கிடைக்கிறது. ஆனால் கடையில் இலவசமாகத் தரும் காடாத் துணிப் பை நோட்டுச் சுமையைத் தாங்காது. இரண்டே மாதத்தில் கைப்பிடி மூட்டில் பிய்ந்துவிடும்.

ஆகவே தடித்த பருத்தி கேன்வாஸ் துணியைத் தேடி கொடவுன் தெருவுக்குப் போனேன். 58 அங்குல அகலத் துணி மீட்டர் 180 ரூபாய்க்குக் கிடைத்தது. பையின் அகலம் 13 அங்குலம், உயரம் 15 அங்குலம், அடிப்பகுதியின் விரிவு 4 அங்குலம் என்று முடிவு செய்தேன். இந்த அளவில் சிறிய நோட்டுகளை இருபது இருபதாக இரண்டு அடுக்குகளில் பக்கத்துப் பக்கமாக வைக்கலாம். துணியின் குறுக்கே மூன்று பைகளுக்கு வெட்டலாம் என்பதால், மூன்று மீட்டரில் ஏழு பைகளும் போய், வீட்டுக்கு இரண்டு பைகளுக்கான துணியும் மிஞ்சியது. கைப்பிடிக்குப் பருத்தி நாடா பத்து மீட்டர், மீட்டர் எட்டு ரூபாய். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுக்கு வழக்கமாகத் தைக்கும் அண்ணன் பைக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். துணி 540, நாடா 80, கூலி 350, ஆக மொத்தம் 970 ரூபாய். ஒரு பைக்கு 140 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு.

இதே பை ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டுமானால் சில நுணுக்கங்களில் கவனம் வேண்டும். வெட்டுவதற்கு முன் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப் போட வேண்டும். கேன்வாஸ் முதல் துவைப்பில் சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் பை கோணலாகிவிடும். கைப்பிடி, தோளில் மாட்டும் அளவுக்கு 26 அங்குல நீளம் இருக்க வேண்டும். கையில் மட்டும் பிடிக்கும் குட்டைப் பிடி வைத்தால் கட்டைப்பையின் துன்பமே தொடரும். கைப்பிடி சேரும் நான்கு இடங்களிலும் சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறியாகக் குறுக்குத் தையல் போடச் சொல்லுங்கள். பையின் ஆயுள் முழுவதும் அந்த நான்கு சதுரங்களில்தான் இருக்கிறது. ஜிப் வேண்டாம். இங்குள்ள உப்புக் காற்றில் உலோக ஜிப் ஒரு மழைக்காலத்திலேயே பச்சை பிடித்து இறுகிவிடுகிறது. அதற்குப் பதிலாகத் துணி வளையமும் பெரிய பொத்தானும் போதும். ரெக்சின் உறையும் வேண்டாம். அது தோலாக உரிந்து நோட்டுகளில் ஒட்டும். உள்ளே சிவப்புப் பேனா செருக ஒரு சிறு பை வைத்தால் நல்லது. அழுக்கானால் மற்றத் துணிகளோடு துவைத்து மடித்து வைக்கலாம். விடுமுறை முழுவதும் மடித்துக் கிடந்தாலும் அதற்கு எதுவும் ஆகாது. பிள்ளையின் பெயரை அச்சிடவில்லை, ஆகையால் வேண்டாம் என்றால் யாருக்கும் தயக்கமில்லாமல் கொடுத்துவிடலாம். பரிசுத் தாளும் சுற்றவில்லை.

அந்த உட்பையில் ஓர் அஞ்சலட்டையை வைத்தோம். 50 காசு விலையுள்ள அந்த அட்டையில், ‘ஏழாம் வாய்ப்பாடு எனக்கு வராதபோது என்னைத் திட்டாமல் தினமும் மதியம் சொல்லிக் கொடுத்தீர்கள்’ என்று மகன் தானே எழுதினான். மகளுக்கு எழுத வராது. அவள் தன் வகுப்பு ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் வரைந்தாள். பொருள் வாங்கவே வழியில்லை என்றால் இந்த அட்டை மட்டும் போதும் என்றே நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். ‘அன்புள்ள ஆசிரியருக்கு நன்றி’ என்று மொட்டையாக எழுதாமல், நடந்த ஒன்றைப் பிள்ளை தன் சொல்லில் எழுத வேண்டும். அதற்கு ஒரு மாலை நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எப்போது கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். தேர்வுக்கு முன்போ, விடைத்தாள் திருத்தி முடியும் முன்போ கொடுத்தால் அது நன்றியாகத் தோன்றாது. நாங்கள் மதிப்பெண் வழங்கிய நாளில், எல்லாம் முடிந்த பிறகு கொடுத்தோம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பரிசு பெறுவதற்கு 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே அவர்களைச் சங்கடத்தில் வைக்காமல் அஞ்சலட்டையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. தனியார் பள்ளிகளிலும் பரிசே வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்புவோர் இருக்கிறார்கள். அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பையைப் பற்றிய என் அனுபவம் ஓராண்டுதான். ஏழில் ஐந்து பைகளை இந்த ஆண்டு முழுவதும் பள்ளி வாசலில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்றில் கைப்பிடித் தையல் விட்டுப்போய், நானே வாங்கி வந்து அண்ணனிடம் கொடுத்து மறுபடி தைத்துத் தந்தேன். குறுக்குத் தையல் விடுபட்ட ஒரே பை அதுதான். நாங்கள் கொடுத்த எழுவரும் பெண்கள். விளையாட்டு ஆசிரியர் போன்ற ஆண்களுக்கு இது பொருந்துமா என்று நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு நோட்டுச் சுமையும் இல்லை, ஒரு நல்ல பருத்தித் துண்டு பொருத்தமாக இருக்கலாம்.

ஏழாவது பையை மகளின் வகுப்பு ஆயாவுக்குக் கொடுத்திருந்தோம். அவர் அதில் மதியச் சாப்பாட்டையும் மாற்றுப் புடவையையும் வைத்துக்கொண்டு காசிமேட்டிலிருந்து நடந்து வருகிறார். வெள்ளைக் கேன்வாஸில் குழம்புக் கறை போகவில்லை என்று அவர் சொன்னதால், இந்த ஏப்ரலில் அவருக்கு மட்டும் கருநீலத் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.