மலையில வீடு கட்டுறவங்க தயவுசெஞ்சு படிங்க: தடுப்புச்சுவர்ல 4,80,000 ரூபாய் போச்சு

இன்னும் ஆத்திரம் அடங்கல, அதனால கோர்வையா வராது, மன்னிச்சுக்கோங்க. நேத்து ராத்திரி பேஞ்ச மழையில எங்க வீட்டுக்கு மேல்பக்கம் இருந்த தடுப்புச்சுவர் வயிறு தள்ளி, விடியக்காலைல நடுப்பகுதி அப்படியே சரிஞ்சு சமையலறை ஜன்னல் வரைக்கும் கல்லும் சேறுமா கிடக்குது. அந்தப் பக்கம் யாரும் படுக்கல, அதான் உயிரோட உக்காந்து இதை எழுதுறேன். கட்டி ஒரு மழைக்காலம் முழுசா தாண்டல. 4,80,000 ரூபாய்.

கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன கிராமம். வீட்டை மொத்தமா காண்ட்ராக்ட் விடாம நாங்களே நின்னு கட்டினோம், மேட்டுப்பாளையத்துல இருந்து சிமெண்ட்டும் கம்பியும் ஏத்திட்டு வந்து, ரோடு முடியுற இடத்துல இறக்கி, அங்கிருந்து தலைச்சுமை, உள்ளூர் கொத்தனார், உள்ளூர் ஆசாரி. நீலகிரில 7 மீட்டருக்கு மேல வீடு எழுப்பக் கூடாது, பொக்லைன் இறக்கணும்னா கலெக்டர் அனுமதி வேணும், அதனால மேட்டை கடப்பாரையும் மண்வெட்டியும் வச்சே வெட்டினோம். எல்லாம் முறைப்படி. தடுப்புச்சுவர் மட்டும் அதுக்குன்னே தெரிஞ்ச ஆளு செய்யட்டும்னு முடிவு பண்ணோம். 2009 நவம்பர் மழையில இந்த மாவட்டத்துல மண் சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்தாங்க, எங்க ஊர்ல அதைப் பேசாத வீடு கிடையாது. பயம் இருந்துச்சு, அதனால நல்ல ஆளா தேடினோம்.

தேடினது வீட்டு வேலைக்கு ஆள் ஏற்பாடு பண்ணித் தர்ற ஒரு ஆப்ல. கேஸ் போடப் போறோம், அதனால பேர் வேண்டாம். பச்சை டிக் போட்டு 'சரிபார்க்கப்பட்டவர்'னு காட்டுவாங்க, பணம் நேரா காண்ட்ராக்டர் கைக்குப் போகாது, எங்ககிட்ட பத்திரமா இருக்கும், வேலை முடிய முடிய கட்டம் கட்டமா விடுவோம்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. அந்த ஒரு வரியைப் படிச்சிட்டுத்தான் அவங்ககிட்ட போனோம்.

வந்தவர் பேசின பேச்சு இப்பவும் காதுல நிக்குது. சாரல்ல ரெயின்கோட்டு போட்டுட்டு வந்தார், உக்காரக்கூட இல்ல, நேரா மேட்டுல ஏறி ஒரு பிடி மண்ணை எடுத்து பிசைஞ்சு என் கையில வச்சார். "அக்கா, இது களி கலந்த மண்ணு, தண்ணிய உள்ள பிடிச்சு வச்சுக்கும். சுவரைத் தள்ளுறது மண்ணு மட்டும் இல்லக்கா, மண்ணுக்குள்ள நிக்கிற தண்ணி. தண்ணிக்கு வழி விட்டா சுவரு நிக்கும்"னார். சிமெண்ட் சாக்கு ஒண்ணைக் கிழிச்சு அதுலயே படம் போட்டார். சுவருக்குப் பின்னாடி ஒன்றரை அடி அகலத்துக்கு ஜல்லியும் உடைகல்லும், சுவர்ல வரிசையா வெளிப்பக்கம் சாய்வா வீப் ஹோல் பைப் (பின்னாடி தேங்குற தண்ணி வெளிய வடியுற ஓட்டை), மேட்டு மேல மழைத்தண்ணியை ஒதுக்கிவிட ஒரு வாய்க்கால். கொத்தனார்கிட்ட காட்டினோம், அவரும் சரியா இருக்குன்னார். எங்க அத்தை டீயும் வர்க்கியும் குடுத்து, தம்பி இந்தக் குடும்பமே அந்தச் சுவருக்குக் கீழதான் தூங்கப் போகுதுப்பான்னு சொன்னாங்க. "எங்க அம்மா வீடு மாதிரி நினைச்சுக் கட்டுறேன்மா"ன்னு அவங்க கால்ல கை வச்சுக் கும்பிட்டான். அதான் தாங்க முடியல. தெரியாம தப்பு பண்ணவன் இல்ல, எது செஞ்சா சுவர் நிக்கும்னு வரி வரியா தெரிஞ்சவன்.

சுவர் பாதி ஏறினப்ப மாமனாரை கோயம்புத்தூர்ல ஆஸ்பத்திரில சேர்த்திருந்தோம், நானும் வீட்டுக்காரரும் அங்க. பின்பக்கம் நிரப்பினது எல்லாம் அப்பத்தான். போன் வருது, "அக்கா ஜல்லி லோடு மலை ஏறணும், ஒரு ஓடிபி வரும் சொல்லுங்க"ன்னு. எஸ்எம்எஸ்ல ஆப் பேரும் நம்பரும் மட்டும்தான், எதுக்கான ஓடிபின்னு ஒரு வார்த்தை இல்ல. அது வேலை முழுக்க முடிஞ்சதுன்னு நான் ஒத்துக்கிட்டதுக்கான ஓடிபியாம். 4,80,000 ரூபாயும் அன்னைக்கே அவன் கணக்குக்குப் போயிருச்சு.

இன்னைக்கு கொத்தனார் வந்து, இடியாம நிக்கிற பக்கத்துல இருக்குற பைப்புக்குள்ள ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். ஒரு சாண் போனதும் டக்குனு கல்லுல முட்டுது. அடுத்ததும் அப்படியே. எந்தப் பைப்பும் சுவரைத் தாண்டிப் பின்னாடி போகல! வெளிய இருந்து பார்த்தா வரிசையா அழகா வீப் ஹோல், உள்ள அடைப்பு. இடிஞ்ச இடத்துல பின்பக்கம் பார்த்தா ஜல்லி ஒரு சட்டி கூட இல்ல, வெட்டின மண்ணையே திரும்பத் தள்ளி, கூடவே கிழிஞ்ச சிமெண்ட் சாக்கு, பிளாஸ்டிக் குப்பை. தண்ணி எங்க போகும்? 9 அடி சுவர், இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் போட்டுத் தாக்கும், அத்தனையும் பின்னாடி தேங்கித் தள்ளியிருக்கு.

அந்த ஆளு நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஆப் காரங்களோட கஸ்டமர் கேர் அதுக்கு மேல. சுவர் லேசா வீங்க ஆரம்பிச்ச அன்னைக்கே போட்டோவோட புகார் குடுத்தேங்க. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், ஒரு டிக்கெட் நம்பர். ரெண்டு நாள்ல கூப்பிடுறோம்னாங்க, கூப்பிடல. நான் கூப்பிட்டா ஒவ்வொரு தடவையும் புது ஆளு, முதல்ல இருந்து கதை சொல்லணும். ஒரு பொண்ணு சொல்லுது, "மேடம், மழை இயற்கைச் சீற்றம், வாரண்டில வராது." மலையில தடுப்புச்சுவர் கட்டுறதே மழைக்குத்தானேம்மா? இன்னொருத்தர், காண்ட்ராக்டர் எங்க ஊழியர் இல்ல, நாங்க அறிமுகம் மட்டும்தான் பண்றோம்ங்கிறார். அப்ப பணத்தை ஏன் நீங்க வாங்கினீங்க, பச்சை டிக் யார் போட்டதுன்னு கேட்டேன். மேலதிகாரிகிட்ட தர்றேன்னு பாட்டு போட்டுவிட்டு லைனைக் கட் பண்ணிட்டாங்க. இன்னைக்கு இடிஞ்ச போட்டோ அனுப்பினா, உங்க டிக்கெட் ஏற்கனவே முடிக்கப்பட்டதுன்னு மெசேஜ் வருது. சேவைக்கு எத்தனை ஸ்டார் குடுப்பீங்கன்னும் கேக்குது.

என்னென்ன பார்த்து ஆள் பிடிக்கணும்னு விவரமா எழுதத்தான் ஆரம்பிச்சேன், மழை திரும்ப இருட்டிக்கிட்டு வருது, மீதி நிக்கிற சுவர் மேல தார்ப்பாய் போடணும். அவசரமா சொல்றேன். ஓடிபி எதுக்குன்னு எழுத்துல வராம யாருக்கும் சொல்லாதீங்க. சுவருக்குப் பின்னாடி நிரப்புறப்ப உங்க ஆளு ஒருத்தர் அங்க நிக்கணும், தினம் போட்டோ எடுக்கணும். பைப்புல கம்பி விட்டுப் பாருங்க, ஒரு வாளி தண்ணிய பின்பக்கம் ஊத்தி முன்பக்கம் வருதான்னு பாருங்க. ஏமாந்தா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நாம குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கேஸ் போட கட்டணமே கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும்.

இதே மாதிரி ஆப்ல மலைப்பக்கம் வேலை குடுத்து மாட்டினவங்க, குன்னூரோ கொடைக்கானலோ ஏற்காடோ, இன்பாக்ஸ்ல வாங்க. ஓடிபி எஸ்எம்எஸ்ஸை அழிச்சிடாதீங்க, எங்க 4,80,000 கேஸோட உங்களோடதையும் சேர்த்துக் குடுக்க முடியுமான்னு வக்கீல்கிட்ட கேக்குறேன்.