கிளாஸா, காலை மீட்டிங்கா, மாதிரி ரூமா? சைட் ஆளுங்களுக்கு புது ரூலை எப்படி சொல்லித்தர்றது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 44ஆம் பிரிவுப்படி அணுகல் விதிக்கு (வீல்சேர்ல வர்றவங்க மாதிரி மாற்றுத்திறனாளிகளும் தடையில்லாம உள்ள வந்து போறதுக்கான விதி) ஒத்துவராத, நிறுவனங்க கட்டுற பில்டிங்குக்கு பிளான் அப்ரூவலும் கிடையாது, கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டும் கிடையாது. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் சும்மா வழிகாட்டுதலா வச்சிருக்கிறது பத்தாது, கட்டாய விதியாக்குங்கன்னு சொல்லிடுச்சு. ஆபீஸ்ல இருக்கவங்களுக்கு இது தெரியும். கம்பி வளைக்கிறவருக்கு யார் சொல்றது?

ஒரு நாள் கிளாஸ் போடலாம். இன்ஜினியர், சூப்பர்வைசருக்கு இதுதான் சரி. ஐஎஸ் 1893-ஓட 2016 பதிப்புப்படி சென்னை நிலநடுக்க மண்டலம் 3ல இருக்கு, ஐஎஸ் 13920-ஓட (நிலநடுக்கத்தைத் தாங்குற மாதிரி கட்டுறதுக்கான இந்தியத் தரநிலை) 2016 பதிப்புப்படி காலத்தோட, அதாவது தூணோட, சின்னப் பக்கமே 300 எம்எம் இருக்கணும், அதனால நம்ம ஊரு ஒம்பது இன்ச் காலம் இனி நடக்காது, இதெல்லாம் உக்காந்து பேச வேண்டிய விஷயம். ஆனா கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி யார் குடுப்பா? முடிச்ச வேலை அளவுக்குக் கூலி வாங்குற பீஸ் ரேட் டீம் எட்டிக்கூட பாக்காது. பாதி பேர் ஹிந்தி, பெங்காலி, ஒடியா பேசுறவங்க, ஸ்லைடு இருக்கிறதோ இங்கிலீஷ்ல.

காலை மீட்டிங், அதான் டூல்பாக்ஸ் டாக், பத்து நிமிஷம், செலவே இல்ல. பெல்ட் மாட்டு, ஹெல்மெட் போடு, சாரத்துல பலகை பாத்து ஏறுன்னு சொல்ல இதை மிஞ்சி ஒண்ணும் இல்ல. அளவுதான் வாய்ப்பேச்சுல நிக்காது. தூண் கம்பிகளைச் சுத்திக் கட்டுற ரிங்கோட கொக்கி 135 டிகிரி, முனை 65 எம்எம்முக்குக் குறையாம உள்ள போகணும்னு சொன்னா சரி சார்னு தலையாட்டிட்டு 90லயே வளைப்பாங்க, ஏன்னா அதுதான் வேகமா முடியும்.

என் ஓட்டு மாதிரி ரூமுக்குத்தான். ஒரு டாய்லெட், ஒரு ரேம்ப், காங்கிரீட் போடாம நிக்கவச்ச ஒரு தூணோட கம்பிக் கூடு, இவ்வளவு போதும். (கூட்டை மூடிட்டா கொக்கி யார் கண்ணுக்கும் தெரியாது, அதான் அப்படியே விடணும்.) கதவுக்கு 900 எம்எம் கிளியர் (தடையில்லாத அகலம்)னு டிராயிங்ல இருக்கும், கொத்தனார் சரியா 900 விட்டு செங்கல் கட்டிட்டுப் போயிடுவாரு, அப்புறம் ஃப்ரேம் வந்து பூச்சு வந்து கதவும் திறந்து நின்னா வீல்சேருக்கு மிச்சம் என்ன இருக்கும்? கார்பென்டர் வர்ற வரைக்கும் இது யாருக்கும் தெரியாது. ரேம்ப்பும் அப்படித்தான், 1க்கு 12 சரிவுன்னா (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) டைல்ஸ் மட்டம் 50 எம்எம் ஏறினாலே நீளம் 600 எம்எம் கூடணும், ஆனா அதுக்குள்ள காம்பவுண்ட் சுவர் எழும்பியிருக்கும். மாதிரியில ஒரு வீல்சேரை உருட்டிப் பாத்தா இடிக்கிற இடம் எல்லார் கண்ணுக்கும் படும், மொழியும் தடையில்ல.

குறைன்னா, காசும் இடமும் ஆகும். தனி வீடு கட்டுற சின்ன கான்ட்ராக்டருக்கு இது கட்டுப்படியாகாது, அவங்களுக்கு முதல் டாய்லெட்டையே மாதிரியா வச்சு செக் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போறதுதான் வழி. இன்னொண்ணு, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போன டீம் திரும்பி வராது, புது ஆளுங்க வருவாங்க, அப்போ காலை மீட்டிங்கை அந்த மாதிரி ரூமுக்குள்ளயே வச்சிடுங்க. அதுக்கான செலவை டெண்டர்லயே தனி ஐட்டமா போட்டுடுங்க, இல்லன்னா கான்ட்ராக்டர் முதல்ல வெட்டுறது அதைத்தான்.