1,300 ரூபாய்க்கு ஐ5: என் லெனோவோ ஜி570 அனுபவம்

தாத்தா விட்டுப்போன சித்த மருத்துவப் புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. தொட்டாலே தாள் உதிர்கிறது. அவற்றை ஸ்கேன் செய்து, டெசராக்ட் மென்பொருளைக் கொண்டு எழுத்துகளாக மாற்றி வருகிறேன். கையில் இருப்பது 2012-இல் வாங்கிய லெனோவோ ஜி570, அதிலும் பென்டியம் பி950 புராசசர் உள்ள விலை குறைந்த மாடல். எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம் இரண்டும் முன்பே போட்டாயிற்று. லினக்ஸ் மின்ட் சட்டென்று திறக்கும். ஆனால் டெசராக்ட் ஒரு பக்கத்தைப் படிக்க மட்டும் 20 நொடி. 212 பக்கப் புத்தகத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

பென்டியத்தில் ஏவிஎக்ஸ் கட்டளைகள், அதாவது பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் வசதி, கிடையாது. டெசராக்ட் 4-இலிருந்து வந்த நியூரல் முறைக்கு அவை பெரிய துணை. அதனால் பென்டியத்தை எடுத்துவிட்டு, இன்டெல் ஐ5-2520எம் புராசசரைப் போட நினைத்தேன். அதில் ஏவிஎக்ஸ் உண்டு. இரண்டு கோருக்கு நான்கு திரெட், டர்போவில் 3.2 கிகாஹெர்ட்ஸ். மின்சாரமோ பென்டியத்துக்குச் சொன்ன அதே 35 வாட்தான், அதனால் பழைய ஃபேனே போதும்.

எங்கள் ஊர் சர்வீஸ் கடையில், "இது போர்டோட ஒட்டினது சார், மாத்த முடியாது, புதுசா வாங்கிடுங்க" என்றார்கள். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது, மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. இந்த மாடலில் புராசசர், கழற்றி மாட்டக்கூடிய சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. இப்போது வரும் பட்ஜெட் லேப்டாப்புகளுக்கு அவர்கள் சொன்னது சரி. புராசசர் பெயரின் கடைசியில் 'யு' என்றிருந்தால் போர்டில் ஒட்டியது, அதற்காகச் செலவு செய்யாதீர்கள்.

அப்புறம் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடியில் ஒரு சின்னக் கடை, பழைய லேப்டாப்புகளைப் பிரித்து பாகமாக விற்கிறவர். முதலில் மூன்றாம் தலைமுறை ஐ5 ஒன்றை எடுத்து நீட்டினார். "அண்ணே, என்னோடது எச்எம்65 சிப்செட், இரண்டாம் தலைமுறை போதும்" என்றதும், டப்பாவைக் கிளறி 2520எம்-ஐத் தேடித் தந்தார். மேலே பொறித்திருந்த எஸ்ஆர்048 என்ற குறியைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஓரத்தில் இரண்டு பின் சாய்ந்திருந்தது. அவரே மெக்கானிக்கல் பென்சிலின் முனையைப் பின்னில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினார். 1,300 ரூபாய். வேலை செய்யாவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகச் சொல்லி, பில்லிலும் எழுதிக் கொடுத்தார். பழைய பொருள் விற்கும் இடத்தில் இது பெரிய விஷயம்.

மாற்றும் வேலையை வீட்டில் நானே செய்தேன். பேட்டரியைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, ஹீட்சிங்க் திருகுகளை அதில் போட்டிருக்கும் எண் வரிசைப்படி தளர்த்த வேண்டும். புராசசரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பழைய பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து கிடந்தது. சாக்கெட்டின் பக்கத்திலுள்ள ஒரே திருகை அரைச்சுற்று திருப்பினால் பூட்டு விட்டுவிடும், பென்டியம் தானாகக் கையோடு வந்தது. புதியதை மூலை முக்கோணக் குறி பார்த்து வைத்தால் தன் எடையிலேயே இறங்கி உட்காரும். அழுத்தவே கூடாது, மொத்தம் 988 பின். அரிசி அளவு பேஸ்ட் வைத்து மூடினேன். முதல் தடவையே திரை வந்தது. பயாஸில் எதையும் தொடவில்லை.

இப்போது அதே பக்கத்துக்கு 9 நொடி ஆகிறது. 212 பக்கமும் 32 நிமிடத்தில் முடிந்தது. முன்பு 88 டிகிரி வரை போன சூடு 79-இல் நிற்கிறது. அதில் பாதிப் பெருமை புது பேஸ்ட்டுக்கும், ஃபேனிலிருந்து எடுத்த தூசிக்கும்தான் சேரும். பேட்டரி நேரத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

வெறும் பிரவுசிங்குக்கு என்றால் எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு இந்த 1,300 ரூபாய் முழுக்கத் தகும். பெட்டியில் இன்னும் பதினேழு புத்தகங்கள் இருக்கின்றன.